‘ஸியஹம்பா’ பாடப்போகும் வாலிபர் கொயருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபை வாலிபர்களுக்கு இந்தப் பாட்டை மூன்று தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள், பெற்றோர், மூப்பர்கள் என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். இப்போது வாலிபர் ஞாயிறு நெருங்கும்போதெல்லாம் மற்ற சபைகளில் கொயர் நடத்துகிறவர்களும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

இது எந்தப் பாட்டு? என்ன அர்த்தம்?

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழிப் பாட்டு. மொத்தமே ஒரு வரிதான்: ‘ஸியஹம்பா எகுக்கஞேனி க்வென்கோஸி’. அர்த்தம், ‘ஆண்டவருடைய வெளிச்சத்தில் நடக்கிறோம்’. முதல் பாதியில் இந்த வரியையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அடுத்த பாதியில் ‘ஸியஹம்பா’ என்ற சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, நடுவில் ஒரு நீண்ட ‘ஓ’ வைத்து, மறுபடியும் முழு வரிக்கு வந்து சேருவார்கள். அவ்வளவுதான் பாட்டு.

ஆங்கிலத்தில் இதை ‘அணிவகுத்துச் செல்கிறோம்’ என்கிற பொருளில் மொழிபெயர்த்துவிட்டார்கள். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் பட்டாளத்து நடை போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். மூலத்தில் இருப்பது ‘ஹம்பா’. போவது, நடப்பது என்பதற்கான சாதாரண வினைச்சொல். ஒருவரை வழியனுப்பும்போது ஜூலுக்காரர்கள் ‘ஹம்பா கஹ்லே’ என்பார்கள், ‘நல்லபடியாகப் போய்வா’ என்று. அதே ஹம்பாதான் இது.

சொற்களைப் பிரித்துச் சொல்ல முடியுமா? பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்கள்.

கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சுலபம், ஏனென்றால் ஜூலுவும் தமிழ் போல ஒட்டி ஒட்டிச் சொல் கட்டும் மொழி. ‘நடக்கிறோம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நடப்பதும் இருக்கிறது, இப்போது என்பதும் இருக்கிறது, நாம் என்பதும் இருக்கிறது. ‘ஸி-ய-ஹம்பா’வும் அப்படியே: ‘ஸி’ என்றால் நாம், ‘ய’ நிகழ்காலம், ‘ஹம்பா’ நட. தமிழில் ‘ஓம்’ கடைசியில் வந்து ஒட்டுகிறது, ஜூலுவில் ‘ஸி’ முதலில் வந்து ஒட்டுகிறது. வித்தியாசம் அவ்வளவே.

‘உகுக்கஞா’ என்றால் வெளிச்சம். முன்னால் ‘எ’, பின்னால் ‘எனி’ சேர்ந்தால் ‘எகுக்கஞேனி’, வெளிச்சத்தில். ‘இன்கோஸி’ என்பது அரசன், தலைவன், ஆண்டவர் எல்லாவற்றுக்குமான சொல். ‘க்வென்கோஸி’ என்றால் ஆண்டவருடைய. ஆக மூன்று சொல்லுக்கு மூன்று சொல்: நடக்கிறோம், வெளிச்சத்தில், ஆண்டவருடைய.

ஏசாயா 2:5-ஐத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள்: ‘யாக்கோபின் வம்சத்தாரே, கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்.’ எங்கள் பயிற்சியில் இந்த வசனத்தை வாசித்ததும் ஒரு பெண், “அண்ணா, இது அந்தப் பாட்டேதான்” என்றாள். அதன் பிறகு அவள் சொற்களைத் தப்பாகப் பாடவே இல்லை.

இது ஆராதனைப் பாட்டா, விடுதலைப் பாட்டா?

இரண்டும்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாட்டின் உயிரே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கியது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் என்பதையெல்லாம் தோலின் நிறம் முடிவு செய்தது. அதில் ஒரு சட்டத்தை மட்டும் பிள்ளைகளுக்கு விளக்கினால் போதும். அதுதான் பாஸ் சட்டம். 16 வயதைத் தாண்டிய கறுப்பின ஆண் எப்போதும் ஒரு அடையாளப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1952-இல் சட்டம் வந்தது. பிறகு பெண்களுக்கும் அது நீண்டது. அனுமதி இல்லாத ஒருவர் நகரப் பகுதியில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும் மனிதனை நிறுத்தி, ‘எங்கே போகிறாய், புத்தகத்தைக் காட்டு’ என்று போலீஸ் கேட்கலாம். இல்லையென்றால் சிறை.

1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமைக் கட்டடத்துக்கு நடந்தார்கள். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். அப்புறம் பாடினார்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் மக்கள் பாஸ் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, ‘எங்களைக் கைது செய்யுங்கள்’ என்று போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனார்கள். போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. பாஸ் சட்டம் ஒழிந்தது 1986-இல்தான்.

இப்போது அந்த வரியை மறுபடியும் படித்துப் பாருங்கள். ‘நடக்கிறோம்.’ நடப்பதற்கே சீட்டு வேண்டியிருந்த நாட்டில், வெறும் தேவாலயப் பாட்டாக இருந்த ஒரு வரி இப்படித்தான் விடுதலைப் பாட்டானது. அதற்காக யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நடப்போம் என்று வருங்காலத்திலும் இல்லை, நடக்கவிடு என்று கெஞ்சலும் இல்லை. நிகழ்காலம். எவருடைய அனுமதியில் என்று கேட்டால், வெளிச்சம் ஆண்டவருடையது.

இதைச் சொன்ன அன்றைக்கு எங்கள் பையன்களின் குரல் மாறியது. முந்தின வாரம் வரை கைதட்டிக் குதித்துப் பாடியவர்கள்தான். அன்று தாழ்ந்த குரலில் பாடினார்கள். ‘ஏன் சத்தமே வரவில்லை’ என்று நான் கேட்கவில்லை.

விடுதலைப் பாட்டைத் தேவாலயத்தில் பாடலாமா? அரசியல் ஆகாதா?

எங்கள் சபையில் ஒரு மூப்பர் இதை மனப்பூர்வமாகவே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: ஐயா, இந்தப் பாட்டை நாம் வெளியிலிருந்து ஆலயத்துக்குள் கொண்டுவரவில்லை. ஆலயத்திலிருந்துதான் அது தெருவுக்குப் போனது.

கூட்டம் கூடத் தடை விழுந்த காலங்களில் மக்களுக்கு மிஞ்சியவை ஆலயமும் அடக்க ஆராதனையும்தான். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவில், ஆட்சியிலிருந்த வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் பாடம் நடத்துவதை எதிர்த்துத் தெருவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் சுட்டபோது, அவர்களில் பலர் ரெஜினா முண்டி என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். போலீஸ் உள்ளேயும் வந்தது. குண்டு துளைத்த ஓட்டைகளை அந்தக் கட்டடத்தில் இன்றும் பார்க்கலாம். தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளின் மன்றம் இயங்கிய கோட்சோ ஹவுஸ் 1988-இல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1989 செப்டம்பரில் கேப்டவுனில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு முன்னால் நடக்க, ஆயிரமாயிரம் பேர் போன ஊர்வலம் புறப்பட்டது செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலிருந்து.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. நிறவெறிக்கு வேதத்திலிருந்து நியாயம் தேடிக்கொடுத்ததும் ஒரு திருச்சபைதான். வெள்ளையரின் டச்சு சீர்திருத்தச் சபை பல ஆண்டுகள் அதைச் செய்தது. அதே சபைக் குடும்பத்தின் கலப்பினத்தவர் கிளையினர்தான் 1982-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி, இந்தப் பிரிவினை சுவிசேஷத்துக்கே விரோதம் என்றார்கள். ஒரே வேதப் புத்தகம், இரண்டு வாசிப்பு. ஆலயத்துக்குள் வரும் ஜாதியை நேரில் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கேட்ட உடனே புரிந்துகொள்கிறார்கள்.

யார் எழுதியது? எப்படி உலகம் முழுக்கப் பரவியது?

பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் ‘தென்னாப்பிரிக்கப் பாரம்பரியப் பாடல்’ என்றே இருக்கும். வெளியுலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் சுவீடனைச் சேர்ந்த ஃபியேடூர் என்ற பாடகர் குழுவினர். 1978-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது நேட்டால் மாகாணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் குழுவின் ஆண்டர்ஸ் நிபெரி, 1984-இல் தென்னாப்பிரிக்கப் போராட்டப் பாடல்களும் துதிப்பாடல்களும் கொண்ட ஒரு தொகுப்பில் இதையும் நான்கு குரலில் வெளியிட்டார். அதன் பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று பல சபைகளின் பாட்டுப் புத்தகங்களில் ஏறிவிட்டது. நாம் இணையத்தில் கேட்கும் பெரும்பாலான பதிவுகள் அந்தத் தொகுப்பின் வழியாக வந்தவைதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்த வெளிநாட்டுக் குழு இதை முதலில் கேட்டது பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளின் வாயிலிருந்து என்பது. பெரிய அரங்கம் எதுவும் இல்லை. உங்கள் கொயரில் இருப்பவர்களின் வயதுதான் அவர்களுக்கும்.

உச்சரிப்பு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பாடுவதை முதலில் நிறுத்துங்கள். தமிழில் எழுதிக்கொடுங்கள். ஜூலுவில் உயிரொலிகள் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்துதான். நம்மைப் போலவே சுத்தமாகத் திறந்து சொல்ல வேண்டும். ஆங்கிலேயக் கொயர்களுக்கு ‘ஓ’வை ‘ஓவ்’ என்று வளைக்காமல் பாடுவதே பெரும்பாடு. நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, ‘ஞ’. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ‘கன்யேனி’ என்று பாடத் தோன்றும். அது தப்பு. ஒரே மூச்சில் வரும் ‘ஞே’ அது, ஞாயிறு என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. தமிழில் அதற்கென்றே எழுத்து இருக்கும்போது நாம் ஏன் தடுமாற வேண்டும்?

இரண்டாவது, ‘எகுக்கஞேனி’யில் உள்ள ‘க்க’. நான் இரட்டித்து எழுதியிருப்பது, வல்லினமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக. உண்மையில் அது அழுத்தம் இல்லாமல், மூச்சோடு வரும் ‘க’. சாப்பாடு என்று பொருள்படும் இந்தி ‘கானா’வின் (khana) முதல் எழுத்தைப் போல. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கையில் காற்றுப் பட வேண்டும். முன்னால் வருகிற ‘கு’ மெலிதானது, நாம் ‘அகு’ என்று படித்தால் எப்படி வருமோ அப்படி.

மூன்றாவது, நாம் எல்லாரும் சறுக்குகிற இடம்: ‘க்வென்கோஸி’. தமிழ் நாக்கு ‘ங்’குக்கு அடுத்து ‘க’ வந்தால் தானாகவே மென்மையாக்கிவிடும், ‘தங்கம்’ போல. ஜூலுவில் அங்கே ‘க’ கெட்டியாகவே நிற்கும். ‘க்வெங்’ என்று ஒரு நொடி நிறுத்தி, ‘கோபம்’ என்பதில் வரும் ‘கோ’வைப் போட்டுப் பாடச் சொல்லுங்கள்: க்வெங்… கோஸி. பத்துத் தடவை நிறுத்திச் சொல்லிவிட்டு அப்புறம் சேர்த்துப் பாடினால் வந்துவிடும். நான் ஒரு முழு மாலை இதற்கே செலவழித்தேன்.

பாடும்போது சொற்களின் கடைசி உயிரொலிகள் விழுந்துவிடும்: ‘ஸியஹம்ப் எகுக்கஞேன் க்வென்கோஸ்’. அது அவசரத்தில் விழுங்குவது கிடையாது. ஜூலு பேச்சிலேயே அப்படித்தான். தாளில் இந்த வடிவத்தையே அச்சடித்துக் கொடுங்கள்.

ஜூலுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலி உண்டாமே?

உண்டு, ஆனால் இந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய அதுவும் ஒரு காரணம்.

தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், மூன்று சொடுக்குகளும் நமக்குப் பழக்கமானவைதான், எழுத்தாக மட்டும் இல்லை. பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, அது ஒன்று. மாட்டு வண்டிக்காரர் கன்னத்தோரமாக நாக்கைச் சொடுக்கி மாட்டை ஓட்டுவாரே, அது இரண்டாவது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து ‘டொக்’ என்று விடுவிப்பது மூன்றாவது.

நான்கு குரலில் பாட நோட்டு வாசிக்கத் தெரிய வேண்டுமா?

தேவையில்லை. அடிப்படை கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மூன்றே மூன்றுதான். கிட்டார் பிடிக்கும் எந்தப் பையனும் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவான். தென்னாப்பிரிக்கக் கறுப்பினச் சபைகளின் கொயர்களே பெரும்பாலும் ஐந்து கோட்டு நோட்டைப் பார்த்துப் பாடுவதில்லை. மிஷனரிகள் கொண்டுவந்த டோனிக் சொல்ஃபா முறையில், டோ ரே மி எழுத்துகளை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்கள்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை முக்கியம். முதலில் எல்லாரும் மெட்டை ஒரே குரலில். அடுத்து பேஸ், அதாவது ஆண்களின் தாழ்ந்த குரல். அவர்கள் அசையாமல் நின்றால் மற்றவர்கள் தொலைந்துபோக மாட்டார்கள். அப்புறம் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்), கடைசியில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்). வட்டமாக நிற்க வையுங்கள், வரிசையாக வேண்டாம். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடினால் பாதிப் பிழைகள் தானாகவே சரியாகிவிடும்.

முதல் சொல்லை ஒருவர் மட்டும் எடுத்துக்கொடுத்து மற்றவர்கள் வந்து சேர்வது நல்லது. இந்தப் பாட்டுகளின் பழக்கமே அது. எடுத்துக்கொடுப்பவர் குழுவிலேயே நல்ல குரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. தயங்காத குரலாக இருந்தால் போதும்.

கீபோர்டு, டிரம்ஸ், ஜெம்பே வைத்துக்கொள்ளலாமா?

முதல் தடவை நான் கீபோர்டில் ஒரு ‘ஆப்பிரிக்கன்’ ரிதத்தை ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரம் ஆகியும் பாட்டு உட்காரவில்லை. பிள்ளைகள் இயந்திரத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள், ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை. நான்காவது வாரம் மின்சாரம் போய்விட்டது. இருட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், கைத்தட்டலோடு மட்டும் பாடினோம். அன்றுதான் நான்கு குரலும் முதல் தடவையாக ஒன்றோடொன்று பொருந்தின. மின்சாரம் திரும்பி வந்தபோது கீபோர்டை நான் போடவில்லை.

ஜெம்பே மேற்கு ஆப்பிரிக்காவின் வாத்தியம். மாலி, கினி பக்கத்தது. ஜூலு நாட்டிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ‘ஆப்பிரிக்கா’ என்றாலே ஜெம்பே என்று வைத்துவிடுகிறார்கள். அது மிருதங்கத்தையும் தபேலாவையும் ஒன்று என்று சொல்வதைவிடப் பெரிய தவறு. தென்னாப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபைகளில் கையில் ஒரு சிறிய திண்டை வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தட்டித் தாளம் போடுவார்கள். ‘தம், தம்’ என்று மெத்தென்ற சத்தம் வரும். எங்கள் வாலிபர்கள் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உட்காரும் ரெக்சின் மெத்தை ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே இருந்தது.

வேகம் எவ்வளவு? ஆடலாமா?

நிதானமாக நடக்கும் வேகம். நிமிடத்துக்குச் சுமார் 100 தாளத் தட்டு. பாட்டே நடப்பதைப் பற்றியது என்பதால், நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். நடக்க முடியாத வேகத்தில் பாடினால் தப்பான வேகம். ஆலயத்தைச் சுற்றி முற்றத்தில் இரண்டு சுற்று நடந்து பாடவைத்தால், அதற்கப்புறம் யாரும் வேகத்தைக் கூட்ட மாட்டார்கள்.

உடம்பு அசைய வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். விறைப்பாக நின்று பாடுவது இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. வலது கால், இடது கால் என்று எடையை மாற்றிக்கொண்டே லேசாக அசைந்தால் போதும். முழங்காலை உயர்த்திக் குதிக்கும் ‘டொயி டொயி’ போராட்ட ஊர்வலத்தின் நடை. இணையத்தில் பார்த்துவிட்டு அதைச் செய்துகாட்ட வேண்டாம்.

உடை? ஆப்பிரிக்க உடை வாடகைக்குக் கிடைக்கிறது.

வேண்டவே வேண்டாம். சிறுத்தைத்தோல் அச்சுப் போட்ட துணியும், முகத்தில் வெள்ளைப் புள்ளியும், கையில் அட்டைக் கேடயமும் ஒரு பள்ளி விழாவில் பார்த்தேன். வேதனையாக இருந்தது. இந்தப் பாட்டைப் பாடிய மக்கள் ஆலயத்துக்கு அப்படி வரவில்லை. மெத்தடிஸ்ட் சபைப் பெண்கள் வியாழக்கிழமை ஜெபத்துக்குப் போகும் சீருடையைப் பாருங்கள்: சிவப்பு மேல்சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. தேய்த்து மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போவார்கள். நீங்களும் உங்கள் சபைக்குப் போட்டுக்கொண்டு போகும் நல்ல உடுப்பைப் போடுங்கள்.

தமிழில் பாடலாமா?

பாடலாம், ஆனால் ஜூலுவில் பாடிய பிறகு. கடைசி உயிரொலிகளை விட்டுப் பாடும்போது மூல வரியில் ஒன்பது அசை வருகிறது. ‘நடக்கிறோம் கர்த்தர் ஒளியில்’ என்று போட்டால் தமிழிலும் சரியாக ஒன்பது வருகிறது. ‘நடப்போம் ஆண்டவர் ஒளியில்’ என்றாலும் ஒன்பதுதான், வாய்க்கும் இன்னும் இதமாக இருக்கும். ஆனாலும் நான் முதலாவதையே வைத்துக்கொண்டேன். காரணம் மேலே சொன்ன நிகழ்காலம்.

ஜூலு இரண்டு தடவை, தமிழ் இரண்டு தடவை, மறுபடி ஜூலு. தமிழ் வரும்போது சபையும் சேர்ந்துகொள்ளும்.

நமக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளைகள் இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, கேட்டார்கள். ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய் நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கியது. அந்த ஊர் இருக்கும் நேட்டால்தான் ஜூலு மக்களின் மண். ஃபியேடூர் குழு இந்தப் பாட்டைக் கேட்டதும் அதே நேட்டாலில்தான். காந்தியோடு சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இறக்கும்போது வயது 16. எங்கள் கொயரில் அப்போது 16 வயதில் நான்கு பேர் இருந்தார்கள்.

1947-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமா மூவரும் சேர்ந்து போராடக் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு அங்கே நம்மவர்களும் அவர்களும் ஒரே சிறையில் இருந்தார்கள்.

‘ங்கோஸி ஸிகெலேலி’ பாடலாமா? அதுவும் ஜூலு விடுதலைப் பாட்டுதானே?

அது பிறந்தது கோஸா மொழியில். ஜூலுவுக்குச் சொந்தக்கார மொழி, ஆனால் வேறு மொழி. 1897-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே மிஷன் பள்ளி ஆசிரியராகவும் கொயர் நடத்துபவராகவும் இருந்த ஈனோக் சொன்டோங்கா எழுதிய ஜெபப்பாட்டு. ‘ஆண்டவரே, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும்’ என்பது பொருள். இன்று தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் பகுதி. ஒரு நாட்டின் தேசிய கீதத்தைக் கொயர் நிகழ்ச்சியில் நடுவில் செருகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்போதாவது பாடினால், எல்லாரும் எழுந்து நில்லுங்கள்.

வேறென்ன பாட்டு கற்றுக்கொள்ளலாம்?

‘தூமா மினா’, ‘என்னை அனுப்பும்’ என்பது. ஏசாயாவின் அழைப்புதான், ஊழிய ஞாயிறுக்குப் பொருந்தும். ‘தூலா ஸிஸ்வே’, ‘தேசமே, அழாதே, உன் யெகோவா உனக்காக வெல்வார்’ என்பது. அதில் ஒரு சொடுக்கு ஒலி வருகிறது, பயிற்சி வேண்டும். ‘ஸென்ஸெனி நா’, ‘நாங்கள் என்ன செய்தோம்?’ என்று அடக்க ஆராதனைகளில் பாடிய புலம்பல். அதைத் தனி நிகழ்ச்சியாகப் பாடிக் கைதட்டு வாங்காதீர்கள். பெரிய வெள்ளியன்று, அமைதியாக, கைதட்டு இல்லாத இடத்தில் பாடுங்கள்.

நோட்டை ஜெராக்ஸ் எடுக்கலாமா? யூடியூபில் போடலாமா?

மெட்டு பாரம்பரியமானது என்று அச்சிட்டிருந்தாலும், நீங்கள் வைத்திருக்கும் நான்கு குரல் அமைப்புக்குப் பதிப்புரிமை இருக்கும். தாளின் அடியில் பாருங்கள். அனுமதி வாங்குங்கள் அல்லது காதால் கேட்டு உங்கள் சொந்தக் குரல்களை அமைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு உங்களுடையது என்றால் பதிவேற்றும்போது சிக்கல் குறைவு.

பாடுவதற்கு முன் சபைக்கு என்ன சொல்லலாம்?

ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேசுபவர் கொயர் மாஸ்டராக இருக்க வேண்டாம், பாடுகிற பிள்ளைகளில் ஒருவர் பேசட்டும். எங்கள் சபையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் பள்ளி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினான். “இது இல்லாவிட்டால் எனக்குப் பள்ளியில் ஐம்பது ரூபாய் அபராதம். அவர்களுக்குச் சிறை. அவர்கள் பாடிய பாட்டு இது” என்றான். அவ்வளவுதான் பேசினான். முன் வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எப்படி முடிப்பது? கடைசி வரியை இழுத்து நிறுத்தலாமா?

நாங்கள் நிறுத்தவில்லை. கடைசிச் சுற்றில் கொயர் மேடையிலிருந்து இறங்கி, நடுப்பாதை வழியாகப் பாடிக்கொண்டே வாசலுக்கு நடந்தது. கதவைத் தாண்டி, செருப்புகள் கிடக்கும் படிகளில் இறங்கி, வேப்பமரத்தடி வரை போனார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் குரல் தேயத் தேயக் கேட்டது. முதலில் சொற்கள் மறைந்தன, அப்புறம் மெட்டு, கடைசியில் பேஸ் பையன்களின் குரலும் மெத்தையைத் தட்டும் சத்தமும் மட்டும். அந்தச் சத்தம் நிற்கும்வரை போதகர் ஐயரவர்கள் ஆசீர்வாதம் கூறாமல் காத்திருந்தார்.